ஷிப்ட் வேலைக்கு நடுவே ஆன்லைன் ஆர்பிஜி: என் நீண்ட நாள் அனுபவம்

ஆன்லைன் ஆர்பிஜிகளை, அதாவது ஒரு கதாபாத்திரமாக மாறி இணையத்தில் பலரோடு விளையாடும் விளையாட்டுகளைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கடைசி லெவலைத் தொட்டவர்கள். எந்த பாஸ் (பெரிய எதிரி) கடினம், எந்த ஆயுதம் சிறந்தது என்று அங்கிருந்துதான் பேசுவார்கள். நான் அந்த உயரத்துக்குப் போவதே அபூர்வம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, மகளின் பள்ளிப்பாடத்தைப் பார்த்து முடித்தால் ஒரு மணி நேரம் மிஞ்சும். சில நாள் அதுவும் கிடைக்காது. அந்த ஒரு மணி நேரத்தில் முடிக்கிற குவெஸ்டும் (விளையாட்டு தரும் கதைப்பணி) ஏறுகிற லெவலும்தான் எனக்கு முழு விளையாட்டு. பல வருடம் இப்படியே விளையாடிய பிறகு, ஒரு விளையாட்டிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: விட்ட இடத்தில் என்னை அப்படியே வைத்திருந்து, ரெண்டு வாரம் கழித்து வந்தாலும் உடனே தொடர விடுகிறதா?

என் வயதுக்காரர்கள் பலரைப் போல நானும் தொடங்கியது சிசியில்தான் (சைபர் கஃபே). முதலில் ராக்னரோக் ஆன்லைன், அப்புறம் 2005-இல் வந்த மேப்பிள்ஸ்டோரி சீ. இரண்டும் கொரியாவில் பிறந்தவை. அந்தக் காலத்தில் லெவல் ஏறுவது என்றால் கிரைண்ட்தான்; ஒரே இடத்தில் நின்று ஒரே மொன்ஸ்டரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ராக்னரோக்கில் உச்சி 99, மேப்பிளில் 200. இறந்தால், லெவல் ஏறச் சேர்த்த எக்ஸ்பியில் (அனுபவப் புள்ளி) ஒரு பங்கு போய்விடும். மணிக்கணக்கில் காசு கட்டி விளையாடுகிற ஒரு பையனுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பது சிசியில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனால் மேப்பிளில் ஒரு விஷயத்தை இன்றும் நினைத்துக்கொள்கிறேன். லெவல் 21-க்கு வந்ததும் பலர் குழுவாகச் சேர்ந்து செய்யும் கெர்னிங் சிட்டி பார்ட்டி குவெஸ்ட் திறக்கும். ஒரு கட்டத்தில் கயிறுகளில் தொங்கி, யார் எந்தக் கயிற்றில் இருந்தால் கதவு திறக்கும் என்று மாறி மாறிப் பார்க்க வேண்டும். அடுத்த கட்டங்களில் மேடைகள், பீப்பாய்கள், கடைசியில் கிங் ஸ்லைம். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "மச்சான், நீ அசையாதே, நான் மூணாவது கயிறுக்குப் போறேன்" என்று கத்திக்கொண்டே விளையாடுவோம். லெவல் 30 தாண்டினால் அதற்குள் போக முடியாது. அதனால் சிலர் வேண்டுமென்றே லெவல் ஏறாமல் நின்றார்கள். குவெஸ்ட் நன்றாக இருந்தால் லெவலே வேண்டாம் என்று மனிதன் சொல்வான் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

இப்போது என் முதன்மை விளையாட்டு ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தின் ஜாகெக்ஸ் நிறுவனம், 2007-இல் ரூன்ஸ்கேப் எப்படி இருந்ததோ அதை எடுத்து 2013-இல் தனியாக வெளியிட்டது. 2018 அக்டோபரில் கைப்பேசிக்கும் வந்தது. கணினியிலும் கைப்பேசியிலும் ஒரே கணக்கு, ஒரே ஆள். கிராபிக்ஸைப் பார்த்து பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. இதன் குவெஸ்டுகளுக்கு இணையாக வேறெதையும் நான் பார்த்ததில்லை.

தொடக்கத்திலேயே வருகிற குக்ஸ் அசிஸ்டன்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். லம்பிரிட்ஜ் கோட்டையில் சமையல்காரர் பதற்றமாக நிற்கிறார். டியூக்குக்குப் பிறந்தநாள், கேக் செய்ய முட்டை, பால், மாவு எதுவும் இல்லை. மாவை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள். வயலில் கோதுமை பறித்து, காற்றாலையின் மேல்மாடிக்கு ஏறிக் கொட்டி, விசையை இழுத்து, கீழே இறங்கி வந்து பானையில் அள்ள வேண்டும். பாலுக்கு வாளியோடு மாட்டுக் கொட்டகைக்குப் போக வேண்டும். கிடைப்பது 300 சமையல் எக்ஸ்பியும் ஒரு குவெஸ்ட் பாயின்ட்டும். ஆனால் முடிக்கும்போது அந்த ஊரின் பாதி வழிகள் உங்களுக்குத் தெரிந்துவிடும். 'பத்து ஓநாயைக் கொன்று வா' என்ற குவெஸ்ட் அதைச் செய்யாது.

இப்படிச் சிறு சிறு குவெஸ்டுகளில் 32 பாயின்ட் சேர்த்தால் டிராகன் ஸ்லேயர் கிடைக்கும். மூன்று துண்டாகக் கிடக்கும் வரைபடத்தைத் தேடிச் சேர்க்கணும், ஓட்டைக் கப்பல் ஒன்றை வாங்கிப் பலகை அடிக்கணும், அதை ஓட்ட ஒரு மாலுமியைச் சம்மதிக்க வைக்கணும். அதற்குப் பிறகுதான் கிராண்டர் தீவில் எல்வார்க் என்ற டிராகன். அதன் நெருப்பைத் தாங்குகிற கேடயத்தைக் கொடுப்பவர் யார் தெரியுமா? முதல் நாள் நீங்கள் கேக் செய்ய உதவினீர்களே, அதே லம்பிரிட்ஜ் டியூக். இத்தனைக்கும் இந்தக் குவெஸ்ட் இலவசப் பகுதியிலேயே இருக்கிறது.

என்னைப் போன்றவர்களுக்கு இதில் மிகவும் உதவுவது குவெஸ்ட் குறிப்பேடு. முடித்த படிகள் அடிக்கப்பட்டு, அடுத்து செய்ய வேண்டியது மட்டும் தெளிவாகத் தெரியும். இரவு ஷிப்ட் வாரம் முழுக்க தொடாமல் இருந்தாலும், திறந்து ஒரு நிமிடம் படித்தால் போதும். இறந்தால் பொருள்கள் போகலாம், ஏறிய லெவல் குறையாது.

லெவல் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு திறனில் லெவல் 99 என்றால் 13,034,431 எக்ஸ்பி. அதில் ஏறத்தாழ பாதியை எடுக்கும்போது நீங்கள் லெவல் 92-இல்தான் இருப்பீர்கள். முதலில் கேட்டபோது மலைப்பாக இருந்தது. பிறகு யோசித்தால், 99 வரை போகச் சொல்லி யாரும் நம்மைத் துரத்தவில்லை. பெரும்பாலான நல்ல குவெஸ்டுகள் நடு லெவல்களிலேயே திறந்துவிடுகின்றன. இந்தக் குவெஸ்டுக்கு இவ்வளவு மரவெட்டு லெவல் வேண்டும் என்றால் அதுவரை மட்டும் வெட்டுவேன். லெவல் 30-இல் வில்லோ மரம். டிரேநார் கிராமத்தில் கரையோர மரங்களும் வங்கியும் பக்கத்திலேயே இருப்பதால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். சோறு வேகும் நேரத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து வெட்டலாம். ஒருநாள் அங்கே ஒருவர் ஆங்கில எழுத்தில் 'சாப்டாச்சா' என்று தட்டினார். குளுவாங்கைச் சேர்ந்தவராம். அதன் பிறகு வெட்டு எங்கே நடந்தது, பேச்சுதான் நடந்தது.

அப்புறம் இணைய லைன். டவுனில் உள்ள தாமான்களுக்கு (குடியிருப்புப் பகுதிகள்) ஃபைபர் வந்துவிட்டது. தோட்டத்துப் பக்கம் உள்ள எங்களுக்குக் கைப்பேசி ஹாட்ஸ்பாட்தான். பேராக்கில் சாயங்காலம் இடி இடித்தால் பிளக்கையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும். இது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். ரூன்ஸ்கேப்பின் சர்வர் 0.6 வினாடிக்கு ஒருமுறைதான் கணக்குப் போடுகிறது. அதனால் பிங் (சர்வருக்குப் போய்வரும் தாமதம்) 200, 250 மில்லிவினாடி ஆனாலும் குவெஸ்டுக்கும் சாதாரணச் சண்டைக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. விரல் வேகத்தை நம்பியிருக்கும் விளையாட்டுகளை இந்த லைனில் தொடவே வேண்டாம் என்பேன்.

கதைக்காக நான் போவது ஃபைனல் ஃபேண்டஸி 14. 2010-இல் வந்து தோற்று, 2013-இல் புதிதாகக் கட்டி எழுப்பப்பட்ட விளையாட்டு. இலவச டிரையலுக்கு நாள் கணக்கே கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து இரண்டு விரிவாக்கங்களோடு லெவல் 70 வரை இலவசம். ஒரு மணி நேர ஆட்டக்காரருக்கு இது வருடக்கணக்கில் வரும். கில்டில் (ஆட்டக்காரர் சங்கம்) சேர முடியாது, சந்தைப் பலகையில் வாங்க முடியாது, விளையாட்டுக் காசான கில் 300,000-க்கு மேல் வைத்திருக்க முடியாது. கதை படிக்க வருகிறவருக்கு இவை பெரிய தடையில்லை. ஒன்றை மட்டும் ஞாபகம் வையுங்கள்: அந்தக் கணக்கைக் கட்டணக் கணக்காக மாற்றிவிட்டால் திரும்பவும் டிரையலுக்கு வர முடியாது. முழுக்கப் படித்துவிட்டு மாற்றுங்கள்.

தொடக்கப் பகுதி இழுவைதான். இவரிடம் பேசு, அவரிடம் கொண்டுபோய்க் கொடு என்று நிறைய ஓட்டம். 2020-இல் அதைக் குறைத்தார்கள், இன்னும் நீளம்தான். ஆனால் முதல் விரிவாக்கமான ஹெவன்ஸ்வார்டுக்குள் நுழைந்தபின் நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு படித்திருக்கிறேன். நடுவில் லைன் போய் காட்சி விட்டுப்போனால் விடுதி அறையில் இருக்கும் புத்தகத்தில் மறுபடி பார்க்கலாம். கதையோடு வரும், குழுவாகப் போக வேண்டிய டன்ஜன்களுக்கு டியூட்டி சப்போர்ட் உண்டு. கதாபாத்திரங்களே துணைக்கு வருவார்கள். மகள் கூப்பிட்டால் எழுந்து போகலாம், எந்த மனிதரும் காத்திருக்கப் போவதில்லை. எனக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. மனிதர்களோடு விளையாட விரும்பினால் ஜப்பானிய சர்வர்களில் டோன்பெரியைத் தேர்ந்தெடுங்கள். நம் தென்கிழக்கு ஆசியக்காரர்கள் அங்கே அதிகம்.

வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டில் கொஞ்ச காலம்தான் இருந்தேன். மாதம் 15 டாலர், ரிங்கிட்டில் அறுபதுக்குப் பக்கம். என் ஒரு மணி நேரத்துக்கு அது கட்டுபடியாகவில்லை. ஆனால் அதன் 'ரெஸ்டட்' முறையைப் பாராட்ட வேண்டும். விடுதியிலோ நகரத்திலோ வெளியேறினால், இல்லாத நாள்களுக்குச் சேர்த்து, திரும்பி வரும்போது மொன்ஸ்டர்களிடமிருந்து இரண்டு மடங்கு எக்ஸ்பி கிடைக்கும். சோதனைக் காலத்தில் நெடுநேரம் விளையாடுகிறவர்களின் எக்ஸ்பியைப் பாதியாக்கிப் பார்த்தார்கள். அவர்கள் கோபப்பட்டதும் அதையே ஓய்வெடுத்தவர்களுக்கான போனஸாக மாற்றினார்கள். ஃபைனல் ஃபேண்டஸியிலும் இப்படி ஒன்று உண்டு, அங்கே 50 சதவீதம். அதனால் எந்த விளையாட்டானாலும் காட்டுக்குள் வெளியேறாதீர்கள், ஊருக்குள் வந்து வெளியேறுங்கள்.

என் சித்தி மகன் படிவம் ஐந்து படிக்கிறான். அவன் விளையாடுவது கைப்பேசி ஆர்பிஜி. ஒரு பொத்தானை அழுத்தினால் ஆளே ஓடி, பேசி, அடித்து, குவெஸ்டை முடித்துவிடுகிறான். "அண்ணே, நான் ஒரு வாரத்துல லெவல் நூறு. நீங்க என்ன இன்னும் கப்பலுக்கு ஆணி அடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றான். எந்தக் குவெஸ்ட் உனக்குப் பிடித்தது என்று கேட்டேன். ஒன்றின் பெயரும் சொல்ல வரவில்லை. அவனைக் குறை சொல்லவில்லை; படிக்க விடாத குவெஸ்டை யார்தான் நினைவில் வைப்பார்கள்? இப்போது என் பழைய கைப்பேசியில் ரூன்ஸ்கேப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். காற்றாலை வரை வந்திருக்கிறான்.

காசு செலவழிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ரூன்ஸ்கேப்பின் இலவசமில்லாத பகுதிகளைத் திறக்கும் மெம்பர்ஷிப் சந்தாவை வருடம் முழுக்கக் கட்டத் தேவையில்லை. தீபாவளியோ பள்ளி விடுமுறையோ வந்து நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கும் மாதத்தில் எடுங்கள். எடுத்ததும் முதலில் வாட்டர்ஃபால் குவெஸ்ட் செய்யுங்கள். அதற்கு எந்தத் திறன் லெவலும் தேவையில்லை. கல்லறைக்குள் ஆயுதம், கவசம், ரூன் (மந்திரக் கல்) எதுவும் கொண்டுபோகக் கூடாது. உள்ளே மாஸ் ஜயன்ட்களும், பிற்பாடு லெவல் 86 ஃபயர் ஜயன்ட்களும் இருக்கும். சண்டை போடாமல் ஓடுங்கள், கையில் நல்ல சாப்பாடு வைத்திருங்கள். முடித்தால் சண்டைத் திறன்களான அட்டாக்குக்கும் ஸ்ட்ரெங்த்துக்கும் தலா 13,750 எக்ஸ்பி. லெவல் 1-இல் இருப்பவர் இரண்டிலும் நேரே 30 ஆகிவிடுவார். சந்தா முடிந்து இலவசப் பகுதிக்குத் திரும்பினாலும் அந்த லெவல்கள் உங்களுடையவை.