லாபப் பங்கு முதலீடு: ஷரியா ஃபண்டும் சிவாஜிநகர் மெஸ்ஸும்

பெங்களூருவில் வட்டி கலக்காமல் பணம் போட வழி தேடுகிறவர்களுக்காக இது. சில வருடமாக இரண்டு இடத்தில் போட்டு வருகிறேன். மாதாமாதம் ஆப் வழியாக ஒரு ஷரியா (இஸ்லாமிய நெறிப்படியான) மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி. சிவாஜிநகரில் எங்கள் காயல்பட்டினத்துக் காக்கா (அண்ணன்) ஒருவர் நடத்தும் மெஸ்ஸில் முதாரபா, அதாவது ஒருவர் பணம் போட இன்னொருவர் உழைக்கும் லாபப் பங்கு ஒப்பந்தம்.

ஃபண்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வட்டி வங்கி, மது, புகையிலை, கடன் மிகுந்த கம்பெனி எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுத்தான் பங்கு வாங்குகிறார்கள். டாடா எத்திக்கல், டாரஸ் எத்திக்கல் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதிகளுக்குள் இயங்குபவை உண்டு. கேஒய்சி முடித்துவிட்டால் போதும். கம்பெனி வருமானத்தில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு வட்டிப் பங்கை மட்டும் நாமே கணக்குப் பார்த்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட வேண்டும். நான் பயன்படுத்தும் ஆப்பில் அதற்கு வசதி இல்லை.

மெஸ் கதை வேறு. பணம் என்னுடையது, உழைப்பு காக்காவுடையது. லாபம் பேசிவைத்த விகிதப்படி இருவருக்கும். அவர் கவனக்குறைவு இல்லாமல் நஷ்டம் வந்தால் பண இழப்பு என்னுடையது, உழைப்பு வீணாவது அவருடையது. ஆக, கணக்கு சுத்தமாக இல்லையென்றால் இந்த ஒப்பந்தமே நிற்காது. மெஸ்ஸுக்கென்று தனி கரன்ட் அக்கவுன்ட், அதற்கே ஒரு க்யூஆர், பில் மெஷின். ராத்திரி கடை மூடியதும் அன்றைய வரவு செலவு ஷீட்டில் ஏறிவிடும், என் போனிலும் தெரியும்.

வரவில் பிரச்சினையே இல்லை, செலவில்தான் எல்லாம். ரஸ்ஸல் மார்க்கெட்டில் விடியற்காலையில் கறியும் காய்கறியும் ரொக்கத்துக்கு வாங்கினால் கையால் எழுதிய துண்டுச் சீட்டுதான் கிடைக்கும், சில நாள் அதுவும் கிடையாது. இப்போது சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார். அவருடைய போன் ரீசார்ஜ் கடைச் செலவா, சொந்தச் செலவா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினோம். "தம்பி, அது என் கணக்குலயே இருக்கட்டும்" என்று அவரே முடித்துவைத்தார். அப்புறம் எது எது கடைச் செலவு என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டோம். முதல் நாளே எழுதிவிடுங்கள்.

ரமலானில் பகல் வியாபாரம் படுத்துவிடும். முதல் வருடம் அந்த மாதம் நஷ்டம். எனக்கு ஒரு பைசாகூட வரவில்லை. ஷீட்டில் அது அப்படியே சிவப்பில் தெரிந்தபோதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது. 2019 ஜூனில் இதே ஊரில் ஐஎம்ஏ என்ற முதலீட்டுக் கம்பெனி கவிழ்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஹலால் முதலீடு என்று சொல்லித்தான் ஆயிரக்கணக்கானவர்களிடம் பணம் திரட்டினார்கள். வியாபாரம் எப்படிப் போனாலும் மாதம் இவ்வளவு தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது முதாரபாவே இல்லை. ஆப் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, போன மாதச் செலவுச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

காக்கா இப்போது ஃப்ரேஸர் டவுனில் இன்னொரு கடை போடலாம் என்கிறார். சரி என்றேன். அதற்குத் தனி அக்கவுன்ட், தனி க்யூஆர், தனிப் பத்திரம்.