வறட்சிக்கு முன்பே அடிக்க வேண்டிய மருந்து: புல்தரையில் கடற்பாசிச் சாறும் கூட்டாளிகளும், நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கடற்பாசிச் சாறு, ஹ்யூமிக் அமிலம் (மக்கிய தாவரப் பொருளிலிருந்து கிடைப்பது), முருங்கை இலைச்சாறு, சாலிசிலிக் அமிலம் (செடியின் தற்காப்பைத் தூண்டும் பொருள்) ஆகிய நான்கையும் கோடைக்குக் கோடை புல்தரையில் அடித்துப் பார்த்தால் முதலில் புரிவது நேரக்கணக்குதான். புல் வாடிய பிறகு அடித்தால் காசும் உழைப்பும் வீண். வாடிய இலை சுருண்டு, இலைத்துளைகளை மூடிக்கொண்டிருக்கும். மேலே விழும் திரவத்தில் உள்ளே போவது சொற்பம். போனாலும், புதிய வேர் விட ஈரமும் மாவுச்சத்தும் வேண்டும். வாடிய செடியில் இரண்டும் இருக்காது. வெயில் உச்சத்துக்கு வரும் முன்பே, மண்ணில் ஈரம் இருக்கும்போதே, நான்கு வாரங்களுக்கு முன் தொடங்கி இரண்டு வார இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை அடித்தால்தான் பலன் தெரிகிறது.

மண் காயும்போது வேர்நுனிகளில் இலையை இளமையாக வைக்கும் ஹார்மோனான சைட்டோகைனின் உற்பத்தி குறைகிறது, இலைத்துளைகளை மூடவைக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலம் கூடுகிறது. துளைகள் மூடும், அடியிலைகள் முதிர்ந்து மஞ்சளாகும். கடற்பாசிச் சாற்றின் சைட்டோகைனினும், செல்லில் நீரைப் பிடித்துவைக்க உதவும் பீட்டெய்ன்களும் இந்த முதிர்ச்சியைத் தள்ளிப்போடுகின்றன. ஹ்யூமிக் அமிலம், வேர் விடத் தூண்டும் ஹார்மோனான ஆக்சின் போல வேலை செய்து பக்கவேர்களைத் தூண்டுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாங், ஷ்மிட் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, டால் ஃபெஸ்க்யூ, க்ரீப்பிங் பென்ட்கிராஸ் என்ற புல்தரைப் புற்களில் கடற்பாசிச் சாறும் ஹ்யூமிக் அமிலமும், வறட்சியில் செல்லைச் சேதத்திலிருந்து காக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்களைக் கூட்டுவதைக் காட்டியது. ஆகவே ஒன்றை மட்டும் வாங்குவதைவிட இரண்டையும் சேர்த்து அடிப்பதே சரி.

அளவுக்கு வருவோம். நூறு சதுர மீட்டருக்கு 5 லிட்டர் நீர் போதும். லிட்டருக்கு 3 மில்லி கடற்பாசிச் சாறு, 1 கிராம் பொட்டாசியம் ஹ்யூமேட் (ஹ்யூமிக் அமிலத்தின் நீரில் கரையும் உப்பு). வாங்கிய பாட்டிலின் செறிவு வேறாக இருந்தால் அதன் லேபிள் அளவுதான் கணக்கு. புல்லிலையில் மெழுகுப் பூச்சு உண்டு, துளி உருண்டு விழுந்துவிடும். அயனி இல்லாத ஒட்டும் திரவம் (non-ionic surfactant) லிட்டருக்கு அரை மில்லி சேர்த்தால் நிற்கும். முதலில் நீர், அதில் ஹ்யூமேட் முழுக்கக் கரைந்த பிறகு சாறு, கடைசியாக ஒட்டும் திரவம்; அதை முன்னால் ஊற்றினால் டேங்க் முழுக்க நுரைதான். விடியற்காலையில் மெல்லிய துளியாக அடித்து, அன்று பாசனத்தையும் புல்வெட்டையும் தள்ளிப்போட வேண்டும்.

அதிகம் கெட்டுப்போவது கலவையில்தான். ஹ்யூமிக் அமிலம் காரத்தில் கரையும், அமிலத்தில் திரளும். பாஸ்பாரிக் அமிலமோ அமிலத்தன்மையுள்ள உரமோ அதே டேங்கில் போனால் பழுப்புச் சேறு அடியில் தங்கி நாசிலை அடைத்துவிடும். கால்சியம் நைட்ரேட்டும் கடின நீரும் இதையே கொஞ்சம் மெதுவாகச் செய்யும். கண்ணாடிப் பாட்டிலில் அதே விகிதத்தில் சிறிது கலந்து அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள்; அடியில் படிந்தால் ஹ்யூமேட்டைத் தனியாக மண்ணில் ஊற்றிவிடுவது நல்லது.

முருங்கைச் சாறு செலவில்லாதது. ஸியாட்டின் என்ற சைட்டோகைனின் அதில் நிறைய உண்டு. இளந்தளிரை அரைத்துப் பிழிந்து, துணியில் இருமுறை வடிகட்டி, முப்பது மடங்கு நீரில் கலக்க வேண்டும். ஆனால் தளிரின் வயதைப் பொறுத்து வீரியம் மாறும், சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கும். பிழிந்த அன்றே அடிக்க முடியாவிட்டால் உறைய வைக்கலாம். பெரிய பரப்புக்கு இது ஒத்துவராது, வடிகட்டுவதே பெரும் வேலை.

சாலிசிலிக் அமிலத்தில் கை தாராளமாகக் கூடாது. லிட்டருக்கு 70 மில்லிகிராம், அதாவது ஏறக்குறைய 0.5 மில்லிமோல், பாதுகாப்பான எல்லை. அதற்கு மேல் போகப் போக இலைநுனி கருகும் வாய்ப்பு கூடும். 10 லிட்டருக்கு 0.7 கிராம் எடுத்து, 15 மில்லி எத்தனாலில் முதலில் கரைத்து, டேங்க் நீரைக் கலக்கிக்கொண்டே அந்தக் கரைசலை மெல்லிய தாரையாக அதில் ஊற்ற வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் ஊசி ஊசியாகத் திரளும். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்துப் போடும் குறுக்கு வழி வேண்டாம்: அதிலுள்ள நிரப்பு மாவு நாசிலில் போய் உட்காரும்.

அப்சிசிக் அமிலத்தை நேரடியாகத் தெளிப்பது பற்றி எச்சரிக்கை தேவை. துளைகளை மூடி நீரை மிச்சப்படுத்தும், உண்மைதான். நீராவி வெளியேறுவதுதான் இலையைக் குளிர்விப்பதும். அதை நிறுத்தினால் கடும் வெயிலில் இலை சூடேறி வெளுக்கும். வறட்சியும் வெப்பமும் சேர்ந்து வரும் இடத்தில் இது லாபமில்லை. ஜிப்ரெல்லின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உள்ள தயாரிப்புகளை இந்தக் காலத்தில் தொடவே வேண்டாம். இலை நீளும், நீர்த்தேவையும் கூடவே ஏறும்.

பலன் உண்மையா, கண் ஏமாற்றுகிறதா? நைட்ரஜனோ இரும்போ கலந்து விற்கும் பாட்டில்கள் ஏராளம். நாலைந்து நாளில் கரும்பச்சை வந்தால் பெரும்பாலும் அவற்றின் வேலை, வறட்சித் தாங்குதிறன் இல்லை. லேபிளில் அவை இருக்கின்றனவா பாருங்கள். அடிக்கும்போது ஒரு மீட்டர் அகலப் பட்டையைத் தகடு கொண்டு மூடி, பிறகு அங்கே ஒட்டும் திரவம் கலந்த வெறும் நீரை மட்டும் தெளியுங்கள். பாசனத்தைக் குறைத்த பின் மாலையில் இரு பக்கமும் நடந்து பாருங்கள்: கால்தடம் நிமிராமல் நிற்கும் பக்கம் முதலில் வாடுகிறது. நீலச்சாம்பல் நிறம் அதற்கு அடுத்த அடையாளம். இரு பக்கமும் 15 செ.மீ. ஆழத்துக்குக் கத்தியால் ஒரு துண்டு வெட்டி வேரைப் பக்கத்தில் பக்கம் வைத்தால் விடை கிடைத்துவிடும். நல்ல வருடத்தில் தெரிவது இவ்வளவுதான்: வாடல் சில நாள் தள்ளிப்போகும், நீர் திரும்பியதும் பச்சை முந்தி வரும். பாசனத்துக்கு மாற்று என்று விற்பவரை நம்ப வேண்டாம்.

அடர்ந்த நார்ப்படலமும் (மண்ணுக்கும் புல்லுக்கும் இடையே தேங்கிய காய்ந்த தண்டு, வேர் அடுக்கு) இறுகிய மண்ணும் உள்ள தரையில் வேர் கீழே இறங்க வழியில்லாததால் எந்தச் சாறும் உதவாது. காற்றுத்துளையிட்ட பிறகு அடியுங்கள். வெட்டு உயரத்தைக் கூட்டாமல் அடிப்பதும் அப்படியே. இரட்டிப்பு அளவு இரட்டிப்புப் பலன் தராது, ஆக்சினும் சைட்டோகைனினும் மிகுந்தால் வேர் நீள்வதே தடைபடும்.

புல்லினமும் கணக்கில் வரவேண்டும். பென்ட்கிராஸ், ஃபெஸ்க்யூ போன்ற குளிர்பருவப் புற்களில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது. அருகம்புல் தானே வேர்த்தண்டுக்குள் ஒடுங்கி வறட்சியைக் கடந்துவிடும், அதற்குச் செலவழிப்பது பெரும்பாலும் தேவையற்றது. எந்தப் புல்லானாலும் பழுப்பாகி உறக்கத்துக்குப் போனபின் தெளிப்பை நிறுத்திவிட்டு, ஈரம் திரும்பி இரண்டாவது புதிய இலை வந்ததும் பாதி அளவில் மீண்டும் தொடங்கலாம்.