இரவல் ஓவியங்கள்: நகரி வட்டாரத்துச் சேவை ஒன்றின் மதிப்பீடு

ஆந்திரத்தில் தமிழக எல்லையை ஒட்டிய நகரி, புத்தூர், சத்தியவேடு வட்டாரத்தில் லாப நோக்கமின்றி நடக்கும் வாசகசாலை, முதியோர் பகல் இல்லம், தரும மருத்துவமனை முதலிய இடங்களின் வெறுஞ்சுவர்களுக்கு, அப்பகுதி ஓவியர்களின் படைப்புகளை இரவலாகக் கொண்டுவந்து மாட்டித் தரும் சிறு குழு ஒன்று சில காலமாக இயங்கி வருகிறது. விசைத்தறி நெசவாளர் குடும்பங்களின் நன்கொடையில் நடக்கும் எங்கள் வாசகசாலையும் அதை ஒட்டிய இலவச மருத்துவ அறையும் இந்தச் சேவையைப் பெற்றன. குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் குழுவின் பெயரை இங்கே தவிர்க்கிறேன்; இதே வேலையை வேறு எவர் செய்ய முன்வந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இவைதாம்.

ஏற்பாடு எளிமையானது. படைப்புகள் அரையாண்டு நம் சுவரில் இருக்கும். பிறகு வேறு தொகுதி வரும். போக்குவரத்துச் செலவும் மாட்டும் கூலியும் மட்டும் நம்முடையவை. பார்த்தவர் எவரேனும் வாங்க விரும்பினால், விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குழு எடுத்துக்கொண்டு மீதியை ஓவியருக்குக் கொடுக்கிறது. எங்கள் நிறுவனத்துக்கு அதில் பங்கில்லை. அது சரியென்றே நினைக்கிறேன்.

இவர்கள் வேலையில் மிகவும் மெச்சத் தக்கது, படம் வருவதற்கு முன்னால் சுவரைப் படிக்கும் விதம். ஒருங்கிணைப்பாளராக வந்த பெண்மணி காலை, நண்பகல், மாலை என மூன்று பொழுதுகளிலும் வந்து, வெயில் எந்தச் சன்னல் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே விழுகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடிட்டுப் பார்த்தார். மேற்குச் சுவரை உள்ளங்கையால் தடவி, ஓதம் ஏறியிருக்கிறது என்று சொல்லி அதை ஒதுக்கிவிட்டார். இந்தக் கவனத்துக்குக் காரணம் உண்டு. எங்களுக்கு வந்தவற்றில் பாதி காளஹஸ்தி கலங்காரித் துணிகள். கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய பருத்தித் துணியில், வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறவைத்த கருமையைத் தொட்டு மூங்கில் எழுதுகோலால் கையாலேயே கோடிழுத்து, படிகாரத்தின் உதவியால் சிவப்பையும் அவுரியால் நீலத்தையும் ஏற்றும் வேலை அது. வேரும் பட்டையும் பூவும் தரும் அந்தச் சாயங்கள், குறிப்பாக மஞ்சள், நேர்வெயிலைத் தாங்கமாட்டா. அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் கூடாது என்பது வழக்கம். சன்னல் திறந்த ஒரு வாசகசாலையில் அது நடக்கிற காரியமில்லை. ஆகவே கலங்காரிகளைப் புத்தக அலமாரிகளுக்கு எதிரிலுள்ள வடக்குச் சுவரிலும், வெளிச்சத்தைத் தாங்கக் கூடிய எனாமல் ஓவியங்களைச் சன்னல் பக்கத்திலும் வைத்தார்கள். துணியைக் கண்ணாடியில் ஒட்டாதபடி சட்டத்துக்குள் இடைவெளி விட்டிருந்தார்கள். சுவர் முழுக்க ஆணி அறையாமல், உச்சியில் ஒரு அலுமினியப் பட்டையைப் பதித்து அதிலிருந்து கம்பியில் தொங்கவிட்டதால், அடுத்த தொகுதி வரும்போது சுவரைப் பூசிச் சரிசெய்ய வேண்டிய வேலையும் மிஞ்சவில்லை.

மாட்டும் உயரத்தையும் யோசித்தே முடிவு செய்தார்கள். காட்சிக்கூடங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய 150 செண்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு அது சரி. எங்கள் மருத்துவ அறைக்கு வருபவர்களோ பெஞ்சில் உட்கார்ந்து முறைக்காகக் காத்திருப்பவர்கள். அவர்களுக்காக அங்கே ஒரு சாண் தாழ்த்தி மாட்டினார்கள். பலன் உடனே தெரிந்தது. நகரி மலையின் மூக்குப் போன்ற உச்சியை வரைந்த எனாமல் படத்துக்கு எதிரில் உட்கார்ந்திருந்த முதிய நெசவாளர் ஒருவர், அன்று அங்கே வந்திருந்த ஓவியரிடமே, “ஏம்ப்பா, நம்ம ஊர்ல இருந்து பார்த்தா மூக்கு இப்படியா தெரியுது?” என்று கேட்டார். “இது புத்தூர் ரோட்ல நின்னு வரைஞ்சது, பெரியப்பா” என்றார் ஓவியர். அதன் பின் அந்தப் பெஞ்சில் இருந்த எல்லோருமே எந்த ஊரிலிருந்து மலை எப்படித் தெரியும் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். மருந்துச் சீட்டு கொடுப்பவர் இரண்டு முறை பெயர் கூப்பிட வேண்டியதாயிற்று.

அந்த ஓவியர் கடைப்பலகை எழுதிப் பிழைத்தவர். ஃப்ளெக்ஸ் அச்சு வந்தபின் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே பலகையில் பிசகாமல் எழுதத் தெரிந்த கைகளுக்கு இங்கே வேலை வற்றிப் போயிற்று. அவரைப் போன்றவர்களையும் கலங்காரிக் கலைஞர்களோடு ஒரே வரிசையில் ஓவியர் என்று பெயர்ச்சீட்டு எழுதி வைத்தது இக்குழுவின் நல்ல தீர்மானம். தேர்வில் எல்லாமே உயர்வு என்று சொல்ல மாட்டேன்: இரண்டு நீர்வண்ணப் படங்கள் நாட்காட்டிப் படங்களைப் பார்த்து வரைந்தவை போலிருந்தன, மருத்துவ அறைக்குக் குருச்சேத்திரப் போர்க்களத்தை அனுப்பியது பொருத்தமாயில்லை. சொன்னதும் மாற்றிக் கொடுத்தார்கள்.

பெயர்ச்சீட்டுகள் இரு மொழியிலும் இருக்கின்றன. இப்பகுதியில் அது தவிர்க்க முடியாதது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கும் சத்தியவேடு ஆந்திரத்துக்கும் போயின. உறவும் சம்பந்தமும் இரு பக்கமும் தொடர்கின்றன. குழுவின் பட்டியலிலும் தமிழகப் பக்கத்துப் பள்ளிப்பட்டு ஓவியர்கள் இருக்கிறார்கள். தமிழ்ச் சீட்டில் எழுத்துப்பிழைகள் சில இருந்தன. தெலுங்கை அப்படியே மாற்றி எழுதியது போன்ற வாக்கியங்களும் இருந்தன.

இனிக் குறைகள். முதலாவது, பணம். படம் விற்காவிட்டால் ஓவியருக்கு எதுவும் கிடையாது. அரையாண்டு நம் சுவரை அவர் படம் அழகுபடுத்துகிறது. நோயாளிகளுக்குப் பொழுது போகிறது. நன்கொடையாளர்கள் வரும்போது நாமே பெருமையாகக் காட்டுகிறோம். மாட்டும் ஆசாரிக்கும் ஏற்றி வரும் ஆட்டோக்காரருக்கும் அன்றன்றே கூலி கொடுத்துவிட்டு, வரைந்தவருக்கு மட்டும் ‘பலர் பார்ப்பார்கள்’ என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. தரும நிறுவனங்களிடம் பணம் இருக்காது என்பது குழுவின் பதில். மாத வாடகையாக ஒரு சிறு தொகையை ஒவ்வொரு படத்துக்கும் கொடுக்க எந்த நன்கொடையாளரிடமும் கேட்கலாம். மின்விசிறிக்கும் நாற்காலிக்கும் பெயர் போட்டுக் கொடுப்பவர்கள் இதற்கும் கொடுப்பார்கள்.

இரண்டாவது, சேதத்துக்கு யார் பொறுப்பு என்பது ஒப்பந்தத்தில் இல்லை. வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுக்கூரை ஒழுகி, காகித ஓவியம் ஒன்றில் பூஞ்சை பிடித்தது. குழு எங்களைப் பார்த்தது, நாங்கள் குழுவைப் பார்த்தோம். கடைசியில் எங்கள் நிர்வாகக் குழு கூடி, ஓவியர் சொன்ன விலையைக் கொடுத்தது. படம் வந்த நாளிலேயே அதன் நிலையைக் கைப்பேசியில் படமெடுத்து, விலை மதிப்பையும் எழுதி, மூன்று தரப்பும் கையொப்பமிட்டிருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது.

மூன்றாவது குறை சட்டம் சார்ந்தது. எங்கள் சுற்றுச்சுவரின் வெளிப்புறத்தில் குழு ஒரு சுவரோவியமும் வரைவித்தது. அடுத்த வெள்ளையடிப்பில் அது என்னவாகும் என்று கேட்டபோது, சுவர் உங்களுடையதுதானே என்றார்கள். விஷயம் அவ்வளவு எளிதில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, படைப்பு கைமாறிய பிறகும் அதைச் சிதைப்பதற்கு எதிராகப் படைப்பாளிக்கு உரிமை தருகிறது. தில்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை அரசு 1979இல் பெயர்த்துக் கிடங்கில் போட்டதற்காக அமர்நாத் சேகல் தொடுத்த வழக்கில், மிச்சமிருந்த பகுதிகளைத் திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் 2005இல் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. படைப்பைக் காட்சிக்கு வைக்காமலிருப்பது உரிமை மீறலாகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்வதால், இரவல் படத்தை இறக்கித் திருப்பி அனுப்புவதில் சிக்கலில்லை; சுவரோடு ஒட்டிய ஓவியத்தை அழிப்பதுதான் யோசிக்க வேண்டியது. அதன் ஆயுள் எத்தனை ஆண்டு, அழிக்குமுன் ஓவியருக்கு எவ்வளவு நாள் முன்னறிவிப்பு என்று இரண்டு வரி எழுதிக்கொண்டால் போதும். கேட்டதும் எங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். எல்லோருக்குமான படிவத்தில் அது இன்னும் சேரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறோம்: வாடகைக்கு ஒரு நன்கொடையாளரைப் பிடித்து, நிலைக்குறிப்புத் தாளைச் சேர்த்து, காகிதப் படைப்புகளை மழைக்காலத் தொகுதியில் வேண்டாமென்று எழுதி. ஓரளவு நிழலான ஒரு சுவரும், சாவியைப் பொறுப்பாக வைத்திருக்க ஒரு ஆளும் உள்ள எந்த அமைப்பும் இவர்களைத் தயங்காமல் அழைக்கலாம். நாள் முழுக்கப் பூட்டிக்கிடக்கும் சமுதாயக் கூடங்களுக்கு இது வேண்டியதில்லை. ஐப்பசித் தொகுதிக்கு ஆடி மாதத்துக்குள் சொல்லிவிட வேண்டும். பிந்திக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் மற்றவர்கள் தேர்ந்தெடுத்தது போக மீந்தவையே வந்து சேருகின்றன.