சிவப்பு மையா, இரண்டாம் படியா?

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரையைத் திருத்தப் பொதுவாக மூன்று வழிகள் புழக்கத்தில் உண்டு. ஆசிரியரே பிழை முழுவதையும் சிவப்பு மையில் சுழித்துத் தருவது ஒன்று. பக்கத்து மாணவரிடம் ஏட்டை மாற்றித் திருத்துவது இன்னொன்று. மாணவரே தன் முதற்படியை, அதாவது முதலில் எழுதிய வரைவைப் படித்து, திருத்திய இரண்டாம் படி எழுதி, என்ன மாற்றினேன் என்று மூன்று வரி குறிப்பது மூன்றாவது. எங்கள் வகுப்பில் நாங்கள் வைத்துக்கொண்டது மூன்றாவதை.

ஏட்டை மாற்றித் திருத்துவதை நம்ப முடியாது. நெல்லைப் பேச்சில் ழ, ள இரண்டும் ஒரே ஒலியாக விழுவதால், ‘மளை’ என்று எழுதியவனுக்கும் திருத்துகிறவனுக்கும் ஒரே காதுதான். ‘இரண்டு தடவை படிக்க வேண்டியிருந்த இடத்தில் மட்டும் கோடு போடு’ என்று வேலையைச் சுருக்கினால் ஓரளவு உதவும்.

சிவப்பு மையின் சிக்கல் ஆசிரியரின் நேரம். ஏட்டுக்கு 6 நிமிடம் என்றாலே 40 ஏட்டுக்கு 4 மணி நேரம். ஜூன், ஜூலையில் நடக்கும். காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லும் கையெழுத்தும்தான் மிஞ்சும். அத்தனை பாடுபட்டாலும் பையன் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு ஏட்டை மூடிவிடுவான், ஏனென்றால் யோசிக்க வேண்டிய வேலையை அவனுக்காக வேறொருவர் முடித்துவிட்டார்.

இரண்டாம் படியில் வேலை இடம் மாறுகிறது. வலப்பக்கத்தில் முதற்படி; இடப்பக்கம் காலி. இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு, பென்சிலோடு வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு முட்டுகிற வாக்கியத்தை இரண்டாக உடைக்கவும், எந்த ஊருக்கும் பொருந்துகிற வாக்கியத்துக்குப் பதில் தன் ஊர்ச் செய்தியை வைக்கவும் சொல்லுங்கள். ‘தாமிரபரணி நமக்கு மிகவும் பயன்படுகிறது’ என்பது, ‘பாபநாசம் அணை திறந்த பிறகுதான் எங்கள் ஊரில் கார் பருவத்துக்கு நாற்றுப் பாவுவார்கள்’ என்று மாறினால் அது திருத்தம். ‘வருதாவ’, ‘போறாவ’ போன்றவை உரையாடலில் மேற்கோள் குறிக்குள் இருக்கட்டும், அடித்துவிட வேண்டாம்.

வாய்விட்டுப் படிப்பது எல்லாவற்றையும் பிடிக்காது. ‘ஊர் மக்கள் கூடியது’ காதில் இடறும், ‘ஆற்றங்கறை’ இடறாது. ர/ற, ழ/ள குழப்பத்துக்கு ஏட்டின் கடைசிப் பக்கத்தில் அவரவர் பிழைப் பட்டியல் வேண்டும். அதைக் கண்ணால் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

முறை கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த மூன்று வரிக் குறிப்பில்தான். ‘இனி பிழையின்றி எழுதுவேன்’ என்று எல்லா ஏட்டிலும் ஒரே உறுதிமொழி வரும். அல்லது முதற்படியையே அழகான கையெழுத்தில் பெயர்த்து எழுதியிருப்பார்கள். இதற்கு ஒரு பூட்டு உண்டு: முதல் வரியில் பழைய வாக்கியம், இரண்டாவதில் புதியது, மூன்றாவதில் மாற்றிய காரணம். ஆசிரியர் இந்த மூன்று வரியையும் மாற்றிய பத்தியையும் மட்டும் படித்து, ஒரே ஒரு கேள்வி எழுதினால் போதும். ஏட்டுக்கு 2 நிமிடம், 40 ஏட்டுக்கு 80 நிமிடம். அரையாண்டு தாண்டியும் தாக்குப்பிடிப்பது இந்தக் கணக்கால்தான்.

சிவப்பு மைக்கும் இடம் உண்டு. வல்லினம் மிகும் இடங்கள், கடிதத்தில் அனுப்புநர், பெறுநர் அமைப்பு போன்றவற்றை மாணவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது வீண். எழுத்துக்கூட்டிப் படிக்கிற நிலையில் உள்ளவர்களுக்கு ஆசிரியரே படித்துக்காட்ட வேண்டியிருக்கும். மேல்நிலை வகுப்புகளில் எங்களுக்குப் பழக்கம் குறைவு. இந்தக் கணக்கை அங்கே அப்படியே பொருத்த வேண்டாம்.

பொதுத் தேர்வில் இரண்டாம் படிக்கு நேரம் ஏது என்று பெற்றோர் கேட்பது நியாயம்தான். அங்கே எடுத்துப்போக வேண்டியது பிழைப் பட்டியலின் நினைவு. கடைசி 5 நிமிடத்தில் கட்டுரை முழுவதையும் மேய வேண்டாம். தனக்கு வழக்கமாகத் தவறுகிற மூன்று சொற்களை மட்டும் தேடினால் போதும்.