பைபாப் இயந்திரம், வறண்ட தொண்டை, கட்டிக் கோழை: லெனேஷியாவிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

இங்குள்ள மருத்துவர்கள் மோட்டார் நியூரான் நோய் என்று சொல்லும் ஏ.எல்.எஸ். நோயுடன் என் கணவர் வாழ்ந்து வருகிறார். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழிந்து, உடல் படிப்படியாகத் தளரும் நோய் இது. தென்னாப்பிரிக்காவில் இந்நோயின் பெயரைச் சொன்னதும், 1995 உலகக் கோப்பையை வென்ற ரக்பி அணியில் ஆடிய யூஸ்ட் ஃபான் டெர் வெஸ்ட்ஹைசன்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார். அவருக்கு 2011-இல் நோய் கண்டறியப்பட்டது, 2017-இல் காலமானார். கைகால்கள் தளர்வதையும் பேச்சு குழறுவதையும் அவர் மூலமாக நாடே பார்த்தது. ஆனால், இரவு முழுவதும் மாஸ்க் வழியே காற்றைப் பெறுபவருக்கு மூக்கும் தொண்டையும் எப்படிக் காய்ந்துபோகும், அந்த வறட்சியில் கோழை எப்படிப் பசைபோல் இறுகும் என்பது உடனிருந்து பார்ப்பவர்களுக்கே தெரியும். மாஸ்க் வழியே அழுத்தத்துடன் காற்றைத் தந்து மூச்சுக்குத் துணைசெய்யும் பைபாப் இயந்திரத்தைப் பல குளிர்காலங்கள் பயன்படுத்திய பின், இந்த ஒரு தொல்லையை மட்டும் எடுத்துக்கொண்டு, எங்களுக்கு எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன்.

லெனேஷியா ஜோகன்னஸ்பர்க்கின் தென்மேற்கில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலான இந்த மேட்டுநிலத்தில் மழை கோடையில்தான் பெய்யும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிரும் வறட்சியும் சேர்ந்தே வரும். கோயில்களில் ஆடிக்கூழ் ஊற்றும் நாட்கள்தான் எங்கள் வீட்டில் மிகக் கடினமான நாட்கள். அறையில் ஹீட்டர் போட்டால் இருக்கிற கொஞ்சம் ஈரமும் போய்விடும். போடாவிட்டால் டியூபுக்குள் நீர் கோத்துக்கொள்ளும்.

வாய் உலர்கிறது என்றதும் எல்லாரும் சொல்லும் முதல் யோசனை, இயந்திரம் தரும் காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையரின் அளவைக் கூட்டுங்கள் என்பதுதான். அளவைக் கூட்டிப் பார்த்தோம். விடியற்காலையில் நாக்கு அப்படியேதான் ஒட்டிக்கிடந்தது. வீட்டுக்கு வந்த சுவாசப் பயிற்சி நிபுணர் ஹியூமிடிஃபையர் பக்கம் திரும்பவே இல்லை. இயந்திரத்தின் திரையில் காற்றுக் கசிவு எவ்வளவு என்றுதான் முதலில் பார்த்தார். அப்போது மூக்கை மட்டும் மூடும் மாஸ்க்கைப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். தாடைத் தசை தளர்ந்திருப்பதால் தூக்கத்தில் வாய் தானாகத் திறந்துகொள்ளும். மூக்கு வழியே போன காற்று வாய் வழியே ஓடிவிடும். குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட இயந்திரம் இன்னும் வேகமாகக் காற்றைத் தள்ளும். அவ்வளவு காற்றையும் ஈரப்படுத்த ஹியூமிடிஃபையரால் முடியாது. மூக்கின் உட்சவ்வு காய்ந்து வீங்கும், மூக்கு அடைபடும், வாய் மேலும் திறக்கும். இந்தச் சுழலை உடைக்காமல் ஈரத்தை மட்டும் கூட்டுவதில் பயனில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

வாய் திறக்காமல் பிடித்துவைக்கும் தாடைப்பட்டை எங்களுக்கு ஓரளவே உதவியது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்குக்கு மாறிய பிறகுதான் கசிவு குறைந்தது. இதில் ஓர் ஆபத்தையும் சொல்ல வேண்டும். அவரால் கையைத் தூக்கி மாஸ்க்கைக் கழற்ற முடியாது. வாந்தி வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆகவே உடனே ஓடி வரக்கூடிய ஒருவர் அதே அறையில் படுத்திருக்க வேண்டும். தலையைச் சற்று அசைத்தாலே ஒலிக்கும் அழைப்பு மணியும் வேண்டும். இரண்டும் இல்லாத வீட்டில் இந்த மாஸ்க்கை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கசிவு அடங்கிய பிறகு ஹியூமிடிஃபையர் தன் வேலையை நன்றாகவே செய்தது. அதனுடன் வெப்பக் கம்பி பொருத்திய டியூபையும் வாங்கினோம். விலை அதிகம்தான், ஆனால் குளிர்காலத்தில் சாதாரண டியூபுக்குள் நீர் திரண்டு முகத்தில் தெறிப்பது இதனால் நின்றது. நீர்த்தொட்டி எப்போதும் தலைமட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும். காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுகிறோம். மிச்சத்தைக் காலையில் கொட்டி, தொட்டியைக் கழுவிக் காயவைக்கிறோம். உறவினர் ஒருவர் நல்ல எண்ணத்தில் யூக்கலிப்டஸ் தைலத்தில் இரண்டு சொட்டு விடச் சொன்னார். தைலமோ சலைன் என்ற உப்புநீரோ எதையும் அந்தத் தொட்டியில் விடக்கூடாது. டர்பனில் என் நாத்தனார் வீட்டுக்குப் போனால் நிலைமையே வேறு. கடற்காற்றில் ஈரம் நிறைந்திருக்கிறது; இங்கே வைக்கும் அளவை அங்கே வைத்தால் டியூபில் நீர் கோத்துவிடும். பயணத்தில் முதல் இரவே அளவைக் குறைத்துவிடுகிறோம்.

இனி கோழை. இந்நோயில் எச்சில் அதிகமாகச் சுரப்பதில்லை. விழுங்க முடியாததால் வாயில் தேங்குகிறது. அதே வாயில் காற்று புகுந்தால் தேங்கிய எச்சில் வற்றி நூல்நூலாக இழுபடும். பகலில் நீராக வழியும் எச்சிலும் இரவில் தொண்டையில் இறுகும் கோழையும் ஒரே ஆளுக்கு ஒரே நாளில் வரும் என்பதுதான் இதன் கொடுமை. வழியும் எச்சிலைக் குறைக்கத் தரும் அமிட்ரிப்டிலின், கிளைகோபிர்ரோலேட், காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை ஆகியவை கோழையை மேலும் கட்டியாக்கக்கூடும். என் கணவருக்கு மாத்திரையின் அளவை மருத்துவர் குறைத்த பிறகே இரவுகள் சற்று எளிதாயின. சட்டை முன்புறம் நனைவதை அவர் பொறுத்துக்கொண்டார். இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். நீங்களாகவே மருந்தை நிறுத்த வேண்டாம்.

உடலுக்குள் போகும் நீர் குறைந்தால் எந்தக் கருவியும் பயன்படாது. விழுங்கச் சிரமப்படுபவர் தண்ணீரைத் தானாகவே குறைத்துக்கொள்வார். வயிற்றில் குழாய் வைத்த பிறகு எங்களுக்கு இந்தக் கவலை வெகுவாகக் குறைந்தது. நாள் முழுவதும் சிறிது சிறிதாகத் தண்ணீரும், காஃபின் இல்லாத ரூயிபோஸ் தேநீரை ஆறவைத்தும் குழாய் வழியே கொடுக்கிறோம். பால் சளியைக் கூட்டும் என்பார்கள். பால் குடித்தபின் எச்சில் கெட்டியாக உணரப்படுவது உண்மை, சளி கூடுதலாகச் சுரப்பதில்லை. அன்னாசி, பப்பாளிச் சாறு நனைத்த பஞ்சுக்குச்சியால் நாக்கைத் துடைப்பது வாயில் ஒட்டிய கோழையை இளக்குகிறது. வாய்ப்புண் இருந்தால் எரியும். உதட்டுக்கும் மூக்குக்கும் நீர்த்தன்மையுள்ள ஜெல்லையே தடவுகிறோம், பெட்ரோலியம் ஜெல்லி மாஸ்க்கின் சிலிக்கோனைக் கெடுக்கும்.

நாங்கள் வாங்கியவற்றுள் மிகவும் பயனுள்ளது எது என்று கேட்டால், தயங்காமல் காஃப் அசிஸ்ட் இயந்திரத்தைச் சொல்வேன். இருமலின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே இறங்கினால் துணை தேவைப்படும். 160-க்குக் கீழே போனால் சொந்த இருமலால் கோழை வெளியே வராது. இந்த இயந்திரம் மூச்சை நிறைத்து, உடனே உறிஞ்சி எடுத்து, இருமலை உண்டாக்குகிறது. முதலில், திரவத்தை நுண்துளிகளாக்கி மூச்சுடன் உள்ளே அனுப்பும் நெபுலைசரில் சாதாரண சலைன். அது கோழையை இளக்கியதும் காஃப் அசிஸ்ட். மூச்சு உள்ளே போகும்போது அவர் நெஞ்சு உயரும். வெளியே இழுக்கும் நொடியில் நான் விலாவின் கீழே இரு உள்ளங்கைகளாலும் அழுத்துவேன். தொண்டையில் களகளவென்று சத்தம் மாறியதும் அவர் கண்ணை இருமுறை சிமிட்டுவார். மாஸ்க்கை எடுத்துவிட்டு, வாய்க்கு வந்த கோழையைச் சக்ஷன் மெஷினால் எடுத்துவிடுவேன். சக்ஷன் வாயிலுள்ளதை மட்டுமே எடுக்கும், மார்பிலுள்ளதை எடுக்காது. அதை மட்டும் வாங்கிவைத்து நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. சாப்பாடு கொடுத்த உடனே காஃப் அசிஸ்ட் செய்யக்கூடாது. அழுத்த அளவுகளை நிபுணர் குறைவிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உயர்த்தினார். தொண்டைத் தசை மிகவும் தளர்ந்தவர்களுக்கு உறிஞ்சும்போது தொண்டையே மூடிக்கொள்ளலாம் என்பதால், இது வீட்டில் ஊகித்து வைக்கும் எண் அல்ல. கோழையை இளக்கும் கார்போசிஸ்டீன் போன்ற மருந்துகளும் இருக்கின்றன. ஆனால் இளகியதை வெளியேற்ற வழி இல்லாதவருக்கு அவை திணறலையே தரும்.

கடைசியாக மின்சாரம். 2022, 2023-இல் லோட் ஷெட்டிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினோம். தண்ணீரைச் சூடாக்கும் ஹியூமிடிஃபையர்தான் பேட்டரியை வேகமாகத் தின்கிறது. அதை அணைத்தால் பைபாப் மட்டும் வெகுநேரம் ஓடும். மின்வெட்டு நேரம் முன்கூட்டியே தெரிந்த நாட்களில், மின்சாரம் போவதற்கு முன்பே சலைன் நெபுலைசரும் காஃப் அசிஸ்ட்டும் முடித்து, வாயைத் துடைத்து ஜெல் தடவி, பிறகே ஈரமில்லாத காற்றுக்கு அவரை விடுவோம். இப்போது மின்வெட்டு அரிதாகிவிட்டது. ஆனாலும் சக்ஷன் மெஷின் பேட்டரியில் ஓடக்கூடியதாகவே வைத்திருக்கிறேன், அதை ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் சார்ஜில் போடுகிறேன்.