கறையான் மருந்து அடித்த வீடு: வருடங்கள் ஓடிய பிறகு ஒரு கணக்கு

தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மண். முன்பகுதி பழைய ஓட்டு வீடு. அயனி என்ற காட்டுப்பலா மரத் தடியில் உத்தரமும் கழுக்கோலும் (ஓட்டைத் தாங்கும் சாய்வுச் சட்டம்). பின்பகுதி 2009-ல் கான்கிரீட் போட்டுச் சேர்த்தது. இரண்டிலும் கறையான் மருந்து இறங்கியிருக்கிறது, வேறு வேறு காலத்தில், வேறு வேறு மருந்து. வேலை செய்யுமா என்று கேட்டால், செய்யும். எத்தனை வருடம் தாங்கும் என்பது மருந்தின் பெயரில் இல்லை. துளை போட்டவர் எவ்வளவு ஒழுங்காகப் போட்டார், சுவரோரம் எவ்வளவு ஈரம் நிற்கிறது, இந்த இரண்டில்தான் இருக்கிறது.

பின்பகுதிக்கு அஸ்திவாரத்திலேயே குளோர்பைரிபாஸ் கொடுத்தோம். இருபது சதவீத மருந்து ஒரு லிட்டருக்குப் பத்தொன்பது லிட்டர் தண்ணீர். தரை கான்கிரீட் போடுவதற்கு முன் மண்ணில் சதுர மீட்டருக்கு ஐந்து லிட்டர் கரைசல் என்பது இந்திய தர நிர்ணயக் கணக்கு. அது முழுவதும் இறங்கட்டும் என்று பக்கத்தில் நின்று பார்த்தோம். நாற்றம்தான் தாங்க முடியாது. குடிவந்த பிறகும் மூடிய அறையைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். ஆனால் அந்தப் பகுதித் தரையிலிருந்து இன்றுவரை கறையான் ஏறவில்லை. 2025-ல், எளிதில் அழியாத நச்சுப் பொருள்களைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சில விலக்குகளோடு இந்த மருந்தையும் சேர்த்துவிட்டார்கள். இன்று புதிதாகக் கட்டுவதாக இருந்தால் நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

பழைய பகுதியின் கதை வேறு. 2016-ல் வடக்கு அறையின் நிலைக்காலைத் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லாத சத்தம். பெயிண்ட் மட்டும் தோலாக நின்றது. பக்கத்துச் சுவிட்சுப் பெட்டியைக் கழற்றினால் ஒயருக்கு நடுவே ஈரமான மண். அப்போது இமிடாகுளோபிரிட் போட்டோம். சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒன்றாக, 12 மில்லிமீட்டர் துளை. ஒரு துளைக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் கரைசல். அப்புறம் வெள்ளைச் சிமெண்ட் வைத்து அடைப்பார்கள். எங்களுடையது பழைய சிவப்புத் தரை. அந்த வெள்ளைப் புள்ளிகள் இப்போதும் வரிசையாகப் பல்லிளிக்கின்றன. கொஞ்சம் சிவப்புக் காவி கலந்து அடைக்கச் சொல்லலாம், சொன்னால் செய்வார்கள்.

இந்த மருந்துக்கு வாடை கிடையாது. கறையானுக்கும் அது இருப்பது தெரியாது. விரட்டும் மருந்தாக இருந்தால் வேறு சந்து பார்த்துப் போய்விடும். இதில் நடந்து போய், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போதும் வாய்க்கு வாய் தீனி கொடுக்கும்போதும் கூட்டத்துக்குள்ளே பரப்பிவிடுகிறது. அதனால் மருந்து போட்ட மறுநாளே சாகவில்லை என்று கம்பெனிக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். எங்கள் வீட்டில் மண் பாதைகள் காய்ந்து உதிரச் சில வாரங்கள் ஆயின.

வேலை நடக்கும்போது பார்க்க வேண்டியது டேங்கைத்தான். 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் என்றால் லிட்டருக்கு 2.1 மில்லி. ஐம்பது லிட்டர் டேங்குக்கு 105 மில்லி வர வேண்டும். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள். ரேட்டைச் சதுர அடிக்குப் பேசுவார்கள். துளை போடுவது சுவரோரத்தில்தானே? மொத்தம் எத்தனை துளை என்று எழுதி வாங்குவதுதான் சரி. எங்கள் வீட்டில் பீரோவுக்குப் பின்னால் துளையே போடாமல் நகரப் பார்த்தார்கள். கறையானுக்கு அந்த ஒரு இடைவெளி போதும். பீரோவை நகர்த்த ஆள் கூப்பிட்டோம். குளியலறைச் சுவரோரம் உள்ளே போகும் தண்ணீர்க் குழாயில் டிரில் ஏறி, அன்றைக்கு முழுவதும் வீட்டில் தண்ணீர் இல்லை. வீடு கட்டும்போது குழாய் ஓடும் இடத்தைப் போட்டோ எடுத்து வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

அடுக்களைக்குப் பின்னால் கிணறு. அந்தப் பக்கம் மண்ணுக்குள் மருந்து இறக்க நான் சம்மதிக்கவில்லை. கம்பெனிக்காரர் ஒன்றும் ஆகாது என்றார். குடிக்கிற தண்ணீர், எனக்கு மனசு வரவில்லை. பதிலுக்கு விறகும் கொதும்பும் (காய்ந்த தென்னம்பாளை) சிரட்டையும் சாய்த்து வைத்திருந்த புரையை, அதாவது கொட்டகையை, சுவரை விட்டுத் தள்ளினோம். சுவரோரம் ஒரு முழ அகலத்துக்குச் சிமெண்ட் தளம் போட்டு, ஓட்டுத் தண்ணீர் அங்கே விழாமல், கூரை விளிம்பில் பாத்தி (தண்ணீர் ஏந்தும் தொட்டி) வைத்துத் திருப்பிவிட்டோம். மருந்தே படாத அந்தச் சுவர்தான் இதுவரை வீட்டிலேயே தொல்லை தராத சுவர். விறகை மறுபடி அங்கே சாய்க்க அம்மா இன்னும் அவ்வப்போது முயல்கிறாள்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கிழக்குப் பக்கத்துப் பலா வேரோடு சாய்ந்தது. தடியை ஆசாரிக்குக் கொடுத்தோம், மூடு, அதாவது வேரோடிருந்த அடிக்கட்டை, மண்ணிலேயே கிடந்தது. அது மக்க மக்க, அந்தப் பக்கத்து அஸ்திவாரக் கல்லில் பென்சில் தடிமனில் மண் பாதை ஏற ஆரம்பித்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு: பாதையை நடுவில் மட்டும் இரண்டு அங்குலம் உடைத்துவிட வேண்டும். ஓரிரு நாளில் ஈரமண் வைத்து மூடியிருந்தால் ஆள் உள்ளே இருக்கிறது. எங்களுடையது மறுநாள் காலையிலேயே மூடியிருந்தது. அந்த அடிக்கட்டையைத் தோண்டி எடுத்து, அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் மறுபடி மருந்து இறக்கினோம். ஐந்து வருட உத்தரவாதச் சீட்டு கையில் இருந்தும் அதற்குத் தனியாகப் பணம் கேட்டார்கள். வெளிப்புறத்து மரத்தால் வந்தது சேராதாம். சீட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மரத்திலிருந்து கொட்டுவதெல்லாம் இந்தக் கறையான் வேலை அல்ல. மாவு போல வழவழப்பாக உதிர்ந்தால் உளு வண்டு. ரப்பர் தடிச் சாமான்களில் இதுதான் அதிகம். கசகசா போலக் குருணையாக, விரலில் உருட்டினால் நெருடினால், அது உலர்மரக் கறையானின் எச்சம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குருணைக்கும் ஆறு பக்கம் தெரியும். அதற்கு மண் தொடர்பே தேவையில்லை, கட்டிலுக்குள்ளேயே குடியிருக்கும். வீடு முழுக்கத் தரையைத் துளைத்தாலும் அது பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். எங்கள் பழைய மாமரக் கட்டிலுக்கு ஆசாரி சிரிஞ்சில் மருந்து ஏற்றிப் பார்த்தார். கொட்டுவது நிற்கவில்லை, கட்டிலை வெளியேற்றினோம்.

கைமருந்துகளில் முந்திரிக் கொட்டையின் தோட்டில் எடுக்கும் எண்ணெய்க்கு என் ஓட்டு உண்டு. கழுக்கோல் சுவரில் அமரும் முனைகளில் அடித்து வைத்தது நன்றாகவே நிற்கிறது. தோலில் பட்டால் வெந்துவிடும், கையுறை கட்டாயம். வேப்பெண்ணெய் வாடை போனதோடு சரி. மண்ணெண்ணெய் ஊற்றுவது கண்ணில் பட்டதைக் கொல்லும், கூட்டுக்கு ஒன்றும் ஆகாது. தீப்பிடிக்கும் பயம் வேறு.

2009-ல் வைத்த குளியலறைக் கதவு நிலைதான் பாக்கி. தரை மருந்து கறையானைத் தடுத்தாலும், தண்ணீர் தெறித்துத் தெறித்து அடிமரம் ஊறிப்போயிருக்கிறது. மர நிலையை எடுத்துவிட்டுக் கிரானைட் வைக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய பகுதிக்கு மறுசுற்று மருந்தும் வரும் பங்குனியில். மழைக்காலத்தில் கூப்பிட்டாலும் வருவார்கள், ஆனால் ஊறிக் கிடக்கும் மண்ணில் ஒரு துளைக்கு ஒரு லிட்டர் எங்கே இறங்கும்?