"மிச்சத்தை நானே எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி டூபியா கரப்பான் விற்பவர்களிடம் கவனம்

இங்கிலாந்தில் டரான்டுலா என்னும் பெரிய முடிச் சிலந்தி வளர்க்கும் நம்மாட்கள் யாராவது தீனிப்பூச்சியை மொத்தமாக வாங்க நினைத்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 85 பவுண்ட் கொடுத்து நான் கற்றுக்கொண்டது, உங்களுக்கு இலவசம்.

எங்கள் வீட்டில் இருப்பது மெக்சிகன் ரெட் நீ என்ற வகை டரான்டுலா. பெண், நன்கு வளர்ந்தது. மகள் வைத்த பெயர் பட்டு. ஆரம்பத்தில் கடையிலிருந்து சுவர்க்கோழி டப்பா வாங்கிக்கொண்டிருந்தேன். பட்டு வாரத்துக்கு ஒன்று தின்றாலே அதிகம். டப்பாவில் மிஞ்சியவை இரவெல்லாம் கத்தும், பாதி செத்து நாறும். இதற்கு ஒரு வழி தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. டூபியா கரப்பான், தாய் 30, ஆண் 10, குஞ்சு 200, பெட்டி, பூச்சி ஒளிய முட்டை அட்டை, சூடு தரும் ஹீட் மேட் எல்லாம் சேர்த்து 85 பவுண்ட். சத்தம் போடாது, வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஏறாது, நாற்றம் குறைவு. இதெல்லாம் உண்மைதான். என்னை விழ வைத்தது கடைசி வரி: பெருகியதில் மிஞ்சுவதை நூற்றுக்கு 5 பவுண்ட் கொடுத்து அவரே திரும்ப எடுத்துக்கொள்வாராம்.

நான் பெருந்துறைப் பக்கத்துக்காரன். வளர்த்துக் கொடு, நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்ற பேச்சை நம்பி ஈமு கோழி வாங்கி, 2012இல் எல்லாம் கவிழ்ந்தபோது தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட மாமா எனக்கு உண்டு. அதே பேச்சை வேறு பாஷையில் கேட்டதும் எனக்கு உறைக்கவில்லை. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "ஏங்கண்ணு, கரப்பானைக் காசு குடுத்தா வாங்குன?" என்று மட்டும் கேட்டார்.

வாங்குவதற்கு முன் போட்டிருக்க வேண்டிய கணக்கைப் பிறகுதான் போட்டேன். 30 டிகிரி சூட்டில் ஒரு டூபியா தாய் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 20 முதல் 30 குஞ்சு போடும். 30 தாய் என்றால் ஒரு சுற்றுக்கே 600க்கு மேல். பட்டு வருஷம் முழுக்கத் தின்பது ஐம்பதைத் தாண்டாது. ஆக, ஒரு சிலந்திக்கு அந்தப் பெட்டியை விற்பதே மிச்சத்தை விற்பதுதான். பல்லி, ஓணான் வகைகளைப் பத்து இருபது வளர்ப்பவருக்கு அது சரியாக இருக்கலாம். எனக்கு ஒரு சிலந்தி என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லியிருந்தேன்.

மூன்றாம் மாதம் பெட்டி பொங்கியது. செய்தி அனுப்பினேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றார். அடுத்த வாரம், இப்போது தன்னிடமே நிறைய இருக்கிறது என்றார். பிறகு, பெரிய சைஸ் மட்டும் எடுக்கிறேன், தபால் செலவு உங்களுடையது என்றார். அதற்கும் சரி என்றேன். அதன்பின் பதிலே இல்லை.

கூத்து அதோடு முடியவில்லை. ஒருநாள் அட்டையைத் தூக்கியபோது சில மட்டும் மின்னல் மாதிரி ஓடின. டூபியா அப்படி ஓடாது, தட்டினால் அசைந்து போகும் சாது. அட்டை மடிப்பில் சின்னக் காராமணி போலக் காய்ந்த பழுப்பு உறைகள் ஒட்டிக் கிடந்தன. டூபியா முட்டைக்கூட்டை வயிற்றுக்குள் வைத்துக் குஞ்சாகத்தான் போடும். சூடு சரியில்லாவிட்டால் வெளிர் மஞ்சளாக ஒன்றிரண்டு கூடு விழலாம். பழுப்பு உறை என்றால் அது வேறு ஜாதி. ரெட் ரன்னர் என்கிறார்களே, அந்தத் துர்க்கெஸ்தான் கரப்பான் கலந்திருந்தது. தப்பினால் வீட்டுச் சூட்டிலேயே குடித்தனம் நடத்தக்கூடியது. வாங்கும்போது அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். படத்தை நம்பாதீர்கள்.

என் தவறும் ஒன்று உண்டு. இவ்வளவு கிடக்கிறதே என்று பட்டுவின் தொட்டியில் தேவைக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தேன். வயிற்றில் முடி உதிர்ந்த இடம் கருத்திருந்தது, அது சட்டை உரிக்கப்போகும் அறிகுறி. அதைக் கவனித்தும் ஒன்றைப் போட்டேன். தொட்டியில் பரப்பியிருந்த தேங்காய் நார்த்தூளுக்குள் டூபியா புதைந்துவிட்டது. காலையில் பார்த்தால் பட்டு சட்டை உரிக்க மல்லாந்து கிடக்கிறது. அந்த நேரத்தில் உடம்பு மெழுகு மாதிரி இருக்கும், பூச்சி கடித்தால் போச்சு. அவள் பின்னங்காலுக்கு ஒரு விரற்கடை தள்ளி மண்ணிலிருந்து இரண்டு மீசை மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. நீள இடுக்கியால் அதை எடுத்து முடிக்க நாற்பது நிமிஷம் ஆனது. இப்போதெல்லாம் ஒரு நாளில் தின்னாததை எடுத்துவிடுகிறேன். உரித்தபின் பத்து நாளைக்கு, வெள்ளையாக இருக்கும் விஷப்பல் மறுபடி கறுக்கும் வரை, எதுவும் போடுவதில்லை.

மிச்சத்தை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முதலில் ஹீட் மேட்டைப் பிடுங்கினேன்; சூடு குறைந்தால் பெருக்கம் நின்றுவிடுகிறது. தோட்டத்தில் விடலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். இந்த நாட்டுக்குச் சொந்தமில்லாத உயிரை வெளியில் விடுவது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம், அதைச் செய்துவிடாதீர்கள். கலப்படம் இருந்ததால் இன்னொருவர் வீட்டுக்குக் கொடுக்கவும் மனசு வரவில்லை. மொத்தத்தையும், அட்டை உட்பட, இரட்டைப் பையில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்துக் கொன்றேன். "ஏனுங்க, தேங்காய்த் துருவல் பக்கத்துலயா?" என்று வீட்டில் கேட்டதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

பணம்? வங்கிக் கணக்குக்கு நேராக அனுப்பியிருந்தேன், கார்டில் கட்டவில்லை. கடை நடத்துகிறவரா, வீட்டிலிருந்து விற்கும் தனியாளா என்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கடையென்றால் சொன்ன பொருள் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் உரிமை 2015 நுகர்வோர் சட்டத்தில் இருக்கிறது. எனக்கு அந்த 30 நாளும் போய்விட்டிருந்தது. போனில் சொன்ன விவரங்கள் எதுவும் எழுத்தில் இல்லை. திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றிருந்த விளம்பரத்தைப் படம் பிடித்தும் வைக்கவில்லை, இப்போது பார்த்தால் அந்தக் கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டிருக்கிறார்.

பட்டுவுக்கு இப்போது மாதத்துக்கு மூன்று நான்கு பூச்சி மட்டும், ஓணான் வளர்க்கும் ஒரு தம்பியிடம் எண்ணி வாங்குகிறேன். காலிப் பெட்டியை வெந்நீரில் கழுவிக் காயவைத்திருக்கிறேன். 40 லிட்டர், மூடியில் வலை ஒட்டியது. துணி வைக்க யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.